மஞ்சள் நோட்டீஸும் இலைச் சீட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: கடனில் மாட்டிக்கொண்ட கம்பெனி. அதனால் ரேஷன் கார்டு, பென்ஷன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். வழக்கம்போல் கேட்டவர்களின் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான். கடன் விஷயத்தில் பெயரைப் போட்டால் மறுநாள் மார்க்கெட்டில் யாராவது துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

ஐயா, எனக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை. பதினோரு வருடமாக ஒரே பேக்டரிக்குத்தான் இலை போடுகிறேன். மூன்று மாத இலைப் பணம் 61,400 ரூபாய் நிற்கிறது. போன வாரம் தமிழ்ப் பேப்பரில் அந்தக் கம்பெனி பெயரைப் போட்டு ‘கடன் கொடுத்தோர் கவனத்துக்கு’ என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பேக்டரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இலை லாரியும் வருகிறது. போடலாமா, நிறுத்தலாமா? பழைய பணம் வருமா? — கோத்தகிரி

அந்தப் பேப்பரை டீக்கடையில் பஜ்ஜி மடிப்பதற்குள் ஒரு பிரதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நடந்தது இதுதான். கடன் கொடுத்த வங்கியோ வேறு யாரோ சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறார்கள். 2016-ஆம் வருடத் திவால் சட்டப்படி தீர்ப்பாயமும் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து பேக்டரியின் சாவி முதலாளி கையில் இல்லை. இடைக்காலத் தீர்வு நிபுணர் என்று ஒருவரை நியமித்திருப்பார்கள். அவருடைய பெயர், முகவரி, ஈமெயில், எந்தத் தேதிக்குள் பாக்கியைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த அறிவிப்பில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அவர் நியமனமான நாளிலிருந்து 14 நாள் கெடு. அறிவிப்பு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால் உங்களிடம் மிச்சமிருப்பது சில நாள்தான். கெடு தாண்டினாலும் 90 நாள் வரையாவது வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஏன் தாமதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வேலை எதற்கு?

நீங்கள் நிரப்ப வேண்டியது ஃபாரம் பி. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, சென்னைக்கு ரயில் ஏறவும் வேண்டாம். தபாலிலோ ஈமெயிலிலோ அனுப்பினால் போதும். பையன் யாராவது போனில் போட்டோ எடுத்து அனுப்பித் தருவான். கூடவே வைக்க வேண்டியது ஆதாரம். உங்களுடைய ஆதாரம் இலைச் சீட்டு. தேதி, எடை, தண்ணீருக்குக் கழித்த கிலோ, முற்றின இலைக்குக் கழித்த கிலோ, நிகர எடை என்று அந்தச் சின்னக் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. மழை மாதத்துச் சீட்டுகளில் மை கலைந்திருக்கும். அதையும் சேர்த்து அனுப்புங்கள். பாஸ்புக்கில் பேக்டரியிலிருந்து பழைய மாதங்களில் பணம் ஏறிய பக்கத்தையும் நகல் எடுங்கள். தொடர்ந்து இலை போட்டவர் நீங்கள் என்பதற்கு அதுவே சாட்சி. சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘ஏஜென்ட் நோட்டுல இருக்கு’ என்று சொல்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஏஜென்ட் நோட்டு ஏஜென்டுக்குத்தான் ஆதாரம்.

பணம் வருமா என்றால், ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தச் சட்டத்தில் கடன் கொடுத்தவர்கள் இரண்டு ஜாதி. பணமாகக் கடன் கொடுத்த வங்கிகள் ஒரு பக்கம். சரக்கோ வேலையோ கொடுத்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் இன்னொரு பக்கம். முடிவெடுக்கும் கமிட்டியில் ஓட்டு வங்கிகளுக்குத்தான், அதுவும் கொடுத்த கடனின் அளவுக்கு ஏற்ப. சரக்குக்காரர்களின் பாக்கி மொத்தமாகக் கூட்டினால் கம்பெனிக் கடனில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஒரு பிரதிநிதி கூட்டத்துக்குப் போகலாம். பந்தியில் உட்கார விடுவார்கள், இலை போட மாட்டார்கள். கம்பெனியை அன்றைக்கே விற்றுப் பிரித்திருந்தால் உங்களுக்கு என்ன வந்திருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், வங்கிகளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விற்றுப் பிரித்தால் வரும் காசை அடமானம் வைத்திருக்கும் வங்கியே பெரும்பாலும் வாரிக்கொள்ளும் என்பதால் அந்தக் குறைந்தபட்சம் பல கேஸ்களில் பூஜ்யம். திவாலுக்கு வந்த பெரிய இரும்புக் கம்பெனியான எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் இதுதான் பெரிய சண்டை. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பிரியுங்கள் என்றது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அப்படிக் கட்டாயம் இல்லை, பிரிப்பது வங்கிக் கமிட்டியின் வியாபார அறிவைப் பொறுத்தது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது.

அப்புறம் ஏன் ஃபாரம் என்கிறீர்களா? கணக்கில் பெயர் இல்லாதவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தாலும் கொடுக்க வழியில்லை. கம்பெனியை யார் எடுத்து நடத்துவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று எழுதும் தீர்வுத் திட்டம் ஒப்புதலான பிறகு, அதில் இல்லாத பழைய பாக்கியெல்லாம் அழிந்துபோகும்.

இனிமேல் இலை போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். மனு ஏற்கப்பட்ட தேதிக்குப் பிறகு பேக்டரி ஓடுவதற்காக நிபுணர் வாங்கும் இலை ‘தீர்வுச் செலவு’ கணக்கில் வரும். அந்தச் செலவுக்கு முதல் பந்தி. வங்கிக்கு ஒரு ரூபாய் போவதற்கு முன் அது முழுசாகத் தீர வேண்டும். அதனால் போன மாத இலையைவிட இந்த மாத இலைக்குத்தான் பாதுகாப்பு அதிகம். ஆனால் அந்தத் தேதியிலிருந்து தனிச் சீட்டு, தனி நோட்டு வையுங்கள். நிபுணரோ அவர் வைத்த ஆளோ கையெழுத்துப் போட்ட சீட்டாக இருக்கட்டும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை பட்டுவாடா என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சீக்கிரம் வரும். ஹட்டியில், அதாவது நம் மலைக் கிராமத்தில், கூட்டம் போடுவது நமக்குப் புதிதா என்ன?

மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது கம்பெனிகள் செய்வதும் அதுதானா? — வெலிங்டன்

இல்லை. ‘ஐ.பி. கொடுத்துட்டான், மஞ்சக் கடுதாசி வந்துருச்சு’ என்று நம் பெரியவர்கள் சொன்னது தனிமனிதர்களின் திவால் மனு. 1920-ஆம் வருடச் சட்டம் அது. கையை விரிப்பதுதான் அதன் சாரம், அதனால்தான் அந்தச் சொல்லில் இன்னும் அவமானம் ஒட்டியிருக்கிறது. கம்பெனிக்கான புதுச் சட்டம் கையை விரிக்கச் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்கார வைத்து, கம்பெனியைக் காப்பாற்றினால் யாருக்கு எவ்வளவு என்று பேச வைக்கிறது. பேச்சு படியவில்லை என்றால்தான் விற்றுப் பிரிப்பது. பேச்சு நடக்கும்வரை யாரும் கேஸ் போடக்கூடாது, ஜப்தி செய்யக்கூடாது என்று ஒரு தடை இருக்கும்.

என் மூன்றரைப் பவுன் சங்கிலியை 40,000 ரூபாய்க்கு அடகு வைத்து, இரண்டு தவணை வட்டி கட்டவில்லை என்று ஏல நோட்டீஸ் அனுப்பினார்கள். அதே வங்கி பெரிய கம்பெனிகளுக்கு நூற்றுக்கு அறுபது, எழுபது விட்டுக்கொடுக்கிறதாம். திவால் என்று சொன்னால் கடன் தள்ளுபடியா? இது எந்த ஊர் நியாயம்? நீங்களும் அந்த வங்கியில் இருந்தவர்தானே? — கூடலூர்

அம்மா, இருந்தேன். 32 வருடம் இருந்தேன். ஏல நோட்டீஸில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உங்கள் கோபத்தில் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லப் பார்க்கிறேன்.

உங்கள் சங்கிலியை வங்கி ஒரு காலையில் விற்றுவிட முடியும். கடனையும் வட்டியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்களிடம் கொடுத்துவிட வேண்டும், கணக்கு முடிந்தது. நின்றுபோன ஒரு பேக்டரியை அப்படி விற்க முடியாது. எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவும் இலைக்காரர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தபோது எங்கள் இலை போன பேக்டரி ஒரு வெள்ளிக்கிழமை இரவு கேட்டைப் பூட்டியது. எது என்று சொல்ல வேண்டாம், இப்போது அந்த இடத்தில் காட்டேஜ் இருக்கிறது. வங்கி வந்து சீல் வைத்தது. முதலாளி ஒரு கோர்ட்டுக்கு, வங்கி ஒரு கோர்ட்டுக்கு, கரண்ட் பாக்கிக்காரர்கள் இன்னொரு பக்கம். நாலு மழைக்காலம் போயிற்று. இலையை வாட்டும் தொட்டிகளின் கம்பி வலை துருவேறி, விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். இலையை நொறுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷினின் ரோலர்களைப் பல் பல்லாகச் சாணை பிடித்து வைத்திருப்பார்கள், தேயிலைப் பொடியின் தரமே அந்தப் பல்லில்தான். அந்தப் பல்லெல்லாம் மொட்டையாகிவிட்டது. கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போனது. மேட்டுப்பாளையம் பாதையில் லாரி இறங்கியதை அப்பா திண்ணையில் உட்கார்ந்து எண்ணினார். ஏழு லோடு. வங்கிக்கு அசலில் கால்வாசிகூடத் தேறவில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு ஒரு பைசா வரவில்லை. அவர் தகர டப்பாவில் கட்டி வைத்திருந்த சீட்டுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. அப்போது நான் கீழே ஈரோட்டில், ஒரு வங்கியில், கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அதனால் ஓடுகிற கம்பெனியில் நூற்றுக்கு நாற்பது வருகிறது, மூடினால் இருபதுதான் வரும் என்றால், வங்கி நாற்பதை வாங்குவது தானம் இல்லை. போன பணத்தில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்குதான். இன்னொன்று, விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் பழைய முதலாளிக்கு இல்லை. கடனை வாராக்கடனாக விட்டவர் அதே கம்பெனியைத் திவால் வழியாகக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்க முடியாதபடி 29-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். எஸ்ஸார் ஸ்டீல் வேறு கைக்குப் போனது, வங்கிகளுக்குச் சுமார் 42,000 கோடி வந்தது. கம்பெனி பிழைத்தது, முதலாளி வெளியே.

உங்கள் கோபத்தின் மற்ற பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தச் சட்டம் வந்ததிலிருந்து திட்டம் ஒப்புதலான கேஸ்களில், வங்கிகள் கேட்ட தொகையில் கையில் வந்தது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். முக்கியக் காரணம் தாமதம். வழக்கு வாய்தா எல்லாம் சேர்த்து 330 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பல கேஸ்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன. பறித்த இலையை மூட்டையில் அடைத்து வெயிலில் வைத்தால் சாயந்தரம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே சூடேறி, சிவந்து, எதற்கும் ஆகாது. வங்கிகளும் சீக்கிரம் போவதில்லை. கணக்கு வாராக்கடன் ஆகாமல் எப்படியாவது தள்ளிப்போட, பழைய வட்டி கட்டுவதற்கே புதுக் கடன் கொடுத்த காலம் ஒன்று உண்டு. நானும் பார்த்தவன். நகைக்கடனில் காட்டும் சுறுசுறுப்பை அங்கேயும் காட்டியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் தலையாட்டத்தான் வேண்டும்.

அண்ணா, வயது 34. தாத்தா கட்டிய தேயிலை பேக்டரி. இரண்டு வங்கிகளில் 8 கோடியும் 4 கோடியுமாக 12 கோடி கடன். இன்று இடத்தையும் மெஷினையும் விற்றால் 5 கோடி தேறலாம். செலவு போக வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம்தான் கட்ட முடிகிறது, அது வட்டிக்கே போய்விடுகிறது. இலைக்காரர்களுக்கு 38 லட்சம் பாக்கி. திவாலுக்குப் போனால் பேக்டரி கையைவிட்டுப் போய்விடும் என்று ஆடிட்டர் பயமுறுத்துகிறார். வங்கிகளோடு பேசியே கடனை மாற்றி அமைக்க வழி உண்டா? — மஞ்சூர்

தம்பி, உண்டு. நீ எழுதின கணக்கிலேயே பாதி பதில் இருக்கிறது.

12 கோடிக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 1.2 கோடி. நீ கட்டுவது அவ்வளவும் வட்டி, அசல் ஒரு அங்குலம் நகராது. அதே 1.2 கோடியை ஒன்பது சதவீத வட்டியில் பத்து வருடத் தவணையாக்கினால் ஏழரைக் கோடி வரை அசலும் வட்டியும் தீர்ந்துவிடும். உன் பேக்டரி தாங்கும் கடன் அவ்வளவுதான். மிச்ச நாலரைக் கோடி காகிதத்தில் மட்டும் இருக்கும் கடன். வங்கிகளிடம் நீ பேச வேண்டியது இந்த நாலரைக் கோடியைப் பற்றித்தான். ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள், ஒரு பகுதிக்கு நான் என் மனையை விற்றுக் கொண்டுவருகிறேன் என்று. கையில் ஒன்றும் இல்லாமல் போனால் முதல் கேள்வியிலேயே கூட்டம் முடிந்துவிடும். விற்றால் 5, ஓடினால் ஏழரை. வங்கி மேனேஜர் தன் மேலிடத்துக்கு எழுதுவதற்கு இந்த இரண்டு எண் போதும்.

முதல் வழி கோர்ட்டுக்கு வெளியே. 25 கோடி வரை கடன் உள்ள சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஒரு ஏற்பாடு போட்டது. தவணை தவறி 90 நாள் ஆகி வாராக்கடன் என்று முத்திரை விழுவதற்கு முன், நீயே எழுதிக் கொடுத்து வங்கியின் கமிட்டி முன்னால் போகலாம். பெரும்பாலானவர்கள் போவதில்லை. மேனேஜர் போனை எடுக்காமல் இருப்பதே உபாயம் என்று நினைக்கிறார்கள். 91-ஆவது நாள் அந்த உபாயத்தின் விலை தெரியும்.

வெளியே படியவில்லை என்றால், சின்னத் தொழில்களுக்காகவே 2021-ல் கொண்டுவந்த முன்கூட்டியே பேசி முடிக்கும் திவால் முறை இருக்கிறது. ஆடிட்டர் பயமுறுத்துவது மற்ற முறையைப் பற்றி. இதில் நிர்வாகம் உன் கையிலேயே இருக்கும், நிபுணர் பக்கத்தில் நின்று கவனிப்பார். கூடலூர் அம்மாவுக்குச் சொன்ன, பழைய முதலாளி திரும்ப வாங்கக்கூடாது என்ற 29-ஏ தடையும் சிறுதொழிலுக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறது. குறைந்தது 10 லட்சம் தவறியிருக்க வேண்டும். பங்குதாரர்களில் நாலில் மூன்று பங்கு ஓட்டில் தீர்மானம் வேண்டும். முக்கியமாக, மனுப் போடுவதற்கு முன்பே, உனக்கு உறவில்லாத வங்கிக் கடன்காரர்களில் 66 சதவீதம் சம்மதிக்க வேண்டும். 12-ல் 8 என்பது 66-ஐத் தொட்டுவிடும், பெரிய வங்கி ஒன்றே போதும். அதற்காகச் சின்ன வங்கியை மதிக்காமல் விடாதே. ஒத்துக்கொள்ளாதவருக்கும் விற்றால் வரும் தொகைக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும், வம்பு பண்ண நினைத்தால் அவர்களால் பண்ண முடியும். திட்டத்தைக் கையில் எழுதி வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். 90 நாளில் கமிட்டி ஒப்புதலான திட்டம், 120 நாளில் எல்லாம் முடிய வேண்டும்.

இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அது உன் இலைக்காரர்களிடம் இருக்கிறது. உன் திட்டத்தில் சரக்குக்காரர்களின் பாக்கியில் கை வைக்காமல் இருந்தால், கமிட்டி விரும்பினால் நேராக உன் திட்டத்தையே ஒப்புக்கொள்ளலாம். அவர்களுடைய பாக்கியில் ஒரு ரூபாய் குறைத்தாலும் வெளியாட்களைக் கூப்பிட்டு உன்னைவிட நல்ல திட்டம் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். 38 லட்சத்தில் 20 லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் பேக்டரியைப் போட்டியில் வைக்காதே. முழுசாகக் கொடு.

சட்டம் சொல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் வங்கியில் ஒரு மேலதிகாரி இருந்தார். கடன் சீரமைப்புக் கூட்டத்தில் பேலன்ஸ் ஷீட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ‘இலை வரவு ரிஜிஸ்டர் இருக்கா?’ என்பார். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வந்தது, இப்போது எத்தனை கிலோ, எத்தனை ஹட்டியிலிருந்து வருகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பார். பதினெட்டாயிரம் கிலோ ஆறாயிரமாக இறங்கியிருந்தால் ஃபைலை மூடிவிடுவார். பணம் வராத பேக்டரிக்கு இலை போடுகிறவன் மூன்றாம் மாதம் பக்கத்துப் பேக்டரி லாரியை நிறுத்துவான். அவன் போன பிறகு அங்கே இருப்பது தகர ஷெட். தகர ஷெட்டுக்கு யாரும் கடனைக் குறைக்க மாட்டார்கள்.

கடைசியாக இரண்டு. பேக்டரி கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) பதிவாகியிருந்தால்தான் இந்த வழி. நம் பக்கத்தில் நிறைய பேக்டரி கூட்டு வியாபாரப் பத்திரத்தில்தான் ஓடுகிறது, உன்னுடையது எது என்று ஆடிட்டரைக் கேள். இரண்டாவது, யாராவது வந்து ‘சொத்தை முதலில் சம்சாரம் பெயருக்கு மாத்திடு’ என்று யோசனை சொன்னால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. சொந்தக்காரர்களுக்கு மாற்றியதை இரண்டு வருடம் பின்னோக்கித் தோண்டிப் பார்ப்பார்கள்.

அப்பா ஊட்டி ஹெச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஊழியர். ஃபிலிமுக்கு மவுசு போனதால் மூடினார்கள் என்கிறார்கள். அதே ஃபிலிம் செய்த அமெரிக்காவின் கோடாக் இன்னும் இருக்கிறதே, எப்படி? — ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி

நல்ல கேள்வி. கோடாக் 2012 ஜனவரி 19 அன்று அமெரிக்கத் திவால் சட்டத்தின் பதினோராம் அத்தியாயத்தில் மனுப் போட்டது. அங்கே மனுப் போட்ட கம்பெனியின் நிர்வாகமே தொடர்ந்து நடத்தும். நடுவில் சம்பளத்துக்கும் சரக்குக்கும் காசு வேண்டுமே, அதற்காக சிட்டி குரூப் 95 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது. திவாலான கம்பெனிக்குப் புதுக் கடனா என்று ஆச்சரியப்படாதீர்கள். பழைய கடன்காரர்களுக்கு முன்னால் திருப்பித் தரப்படும் என்று கோர்ட் உத்தரவு இருப்பதால் கொடுக்கிறார்கள். கோத்தகிரிக்காரருக்குச் சொன்ன முதல் பந்தி மாதிரிதான். கோடாக் தன் காப்புரிமைகளை விற்றது, கேமரா ஃபிலிம் வியாபாரத்தை இங்கிலாந்திலுள்ள தன் பென்ஷன் நிதிக்கே கொடுத்து அந்தப் பாக்கியைத் தீர்த்தது. 2013 செப்டம்பர் 3 அன்று அச்சுத் தொழிலை நம்பிச் சின்ன கம்பெனியாக வெளியே வந்தது. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எடுத்துக்கொண்ட காலம் இருபது மாதத்துக்குள்.

1960-ல் தொடங்கிய நம் ஹெச்.பி.எஃப். தொண்ணூறுகளின் நடுவில் நலிவுற்ற நிறுவனம் என்று, அப்படிப்பட்ட கம்பெனிகளைப் பிழைக்க வைக்கலாமா மூடலாமா என்று பார்க்கும் பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்துக்குப் போனது. மூடலாம் என்று வாரியம் சொன்னது 2003-ல். மத்திய அரசு மூட முடிவெடுத்தது 2014-ல். நடுவில் பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. பொதுத்துறை, தனியார் என்ற வித்தியாசம் பெரியது, ஒப்பிடுவது முழுசாக நியாயம் இல்லை. ஆனாலும் ஹெச்.பி.எஃப். இருந்த இந்து நகர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கால அளவுதான் எனக்கு ஞாபகம் வரும். யாராவது 1996-ல் உட்கார்ந்து, எது பிழைக்கும், எது பிழைக்காது, கடனில் எவ்வளவு நிஜம் என்று பிரித்திருந்தால், உங்கள் அப்பாவுக்கு வேறு வேலைக்குப் போகும் வயதாவது இருந்திருக்கும். அந்த வாரியமும் 2016 டிசம்பர் 1-ஆம் தேதியோடு இல்லாமல் போயிற்று.

நான் வேலை செய்யும் கம்பெனி திவால் கேஸில். நாலு மாதச் சம்பளம் பாக்கி. பி.எஃப். போய்விடுமா? — அரவேணு

நீங்கள் கொடுக்க வேண்டியது ஃபாரம் டி, அதே நிபுணரிடம். சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்குப் பக்கம், வருகைப் பதிவு எது இருந்தாலும் சேருங்கள். கம்பெனியை விற்றுப் பிரிக்கும் நிலை வந்தால் தொழிலாளியின் 24 மாதம் வரையான பாக்கிக்கு அடமான வங்கியோடு சமமான இடம் உண்டு. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் இருக்கும் பணம் கம்பெனி சொத்தாகவே கணக்கில் வராது, யாரும் தொட முடியாது. ஆனால் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டினார்களா என்று இன்றே போனில் பாஸ்புக் பாருங்கள். கட்டவில்லை என்றால் கோவையிலுள்ள பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதுங்கள். நிபுணரிடம் தங்கள் பாக்கியைக் கோர அவர்களுக்கும் கெடு உண்டு.

மச்சினன் கம்பெனிக்கு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி கடன் திட்டம் ஒப்புதல் ஆகிவிட்டது, இனி உங்களுக்குப் பிரச்சினை இல்லை மாமா என்கிறான். நம்பலாமா? — அருவங்காடு

நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கடன் குறைந்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு தானாகப் போய்விடாது என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனியிடம் வராத மிச்சத்துக்கு வங்கி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர்கள் மேல் இதே தீர்ப்பாயத்துக்குப் போகவும் 2019 டிசம்பர் 1 முதல் வழி இருக்கிறது. ஒப்புதலான திட்டத்தின் நகலை மச்சினனிடம் கேட்டு வாங்கி, ஜாமீன்தாரர்களை விடுவிப்பதாக எந்தப் பக்கத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள், நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகல் வேண்டும் என்று. எவ்வளவு தொகைக்குப் போட்டீர்கள் என்பதே உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த விஷயம் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா என்பதும் இல்லை. அவருடைய தம்பிதானே, இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.